பட்டியலில் இல்லாத தாய்மாமன்

வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்குச் சட்டம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். போன சித்திரை வரைக்கும் நானும் அப்படித்தான் இருந்தேன். லைசென்ஸ், இன்சூரன்ஸ், வழியில் நிற்கும் போலீஸ்காரருக்கு ஒரு வணக்கம். இதற்கு மேல் எனக்கும் அரசாங்கத்துக்கும் பேச்சு கிடையாது. இப்போது என்னைக் கேளுங்கள். 'உறவினர்' என்ற சொல்லுக்கு எந்தச் சட்டத்தில் என்ன பொருள் என்று கியர் மாற்றிக்கொண்டே சொல்லுவேன். படித்துத் தெரிந்துகொண்டதல்ல, ஓட்டித் தெரிந்துகொண்டது. வல்லத்திராக்கோட்டைக்கும் புதுக்கோட்டைக்கும், அங்கிருந்து அந்தப் பெரிய ஊருக்கும் ஓடி ஓடித் தெரிந்துகொண்டது. அந்த ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் யாராவது என்மேல் கேஸ் போடுவார்கள். அந்தச் சட்டத்தில் நான் யாரோ, எனக்கு என்ன பெயரோ.

எங்கள் ஊரில் அடைக்கலம் அண்ணன் போர் மோட்டார் மெக்கானிக். ஆழத்தில் போய்ச் சிக்கிக்கொண்ட மோட்டாரைக் குழாயோடு மேலே இழுத்துச் சரி செய்கிறவர். அவருடைய அக்கா திலகவதி அடுத்த தெருவில் இருக்கிறார், ஊராட்சியில் வார்டு உறுப்பினர். அக்காவின் கணவர் இறந்து பல காலம் ஆகிவிட்டது. ஒரே மகள் சரண்யா. இருபத்து மூன்று வயது. புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். தினமும் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே போய்ச் சிரித்துக்கொண்டே வருகிற பிள்ளை. திடீரென்று முகமும் காலும் வீங்கின. பார்த்தால் இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. டயாலிசிஸில் ஓட்டிக்கொண்டிருக்கலாம், ஆனால் ரொம்ப நாள் ஓட்ட முடியாது, மாற்றுக் கிட்னிக்கு ஏற்பாடு செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திலகவதி அக்காவுக்குச் சர்க்கரை முற்றியிருந்தது, அவருடையதை எடுக்கக் கூடாது என்றார்கள். கூடப் பிறந்தவர்களும் சரண்யாவுக்கு இல்லை.

இருந்தது தாய்மாமன் ஒருவர்தான். ஆனால் அந்த மாமன் அக்கா வீட்டோடு பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. எங்களுக்குத்தான் அது பெரிது. எங்கள் பக்கத்தில் விசேஷம் என்றால் முதல் பத்திரிகை தாய்மாமன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, நேரில் போய், நின்று கொடுக்க வேண்டும். திலகவதி அக்கா புது வீடு குடிபோனபோது உள்ளாட்சித் தேர்தல் வேலையில் அலைந்துகொண்டிருந்தார். அவசரத்தில் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகையை அனுப்பிவிட்டார். அடைக்கலம் அண்ணன் அதைத் திறந்து பார்த்தார், போனைக் கவிழ்த்து வைத்தார். விசேஷத்துக்குப் போகவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

சரண்யாவுக்கு முடியவில்லை என்ற செய்தி தெருவுக்கு வந்த அன்று நான் என் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். திலகவதி அக்கா ஆஸ்பத்திரிக்கு வண்டி கேட்டு வந்து நின்றார். அடைக்கலம் அண்ணனும் வந்தார். அக்காவுக்கும் அவருக்கும் இடையில் என் காரின் கதவு மட்டும்தான் இருந்தது.

"நிலவழகா, என் கிட்னிய எடுத்துக்கச் சொல்லு. என் ரத்தம் ஓ பாசிட்டிவ்" என்றார் அண்ணன், என்னைப் பார்த்து.

"அவனுக்கு ரெண்டு புள்ளைக இருக்கு. வெயிட்டுத் தூக்குற வேலை. யோசிச்சுச் சொல்லச் சொல்லு தம்பி" என்றார் அக்கா, என்னைப் பார்த்து.

"யோசிச்சாச்சுன்னு சொல்லு. அழகிட்டயும் கேட்டாச்சுன்னு சொல்லு."

அழகி அண்ணி அடைக்கலம் அண்ணனின் மனைவி. இப்படியாக ஒரு உடம்பிலிருந்து இன்னொரு உடம்புக்கு ஒரு உறுப்பு போவது என் கார் ஓரத்தில் முடிவாகிவிட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. நான் கண்ணாடி துடைக்கிற துணியைப் பிழிந்துகொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து காரில் உட்காரும் முறை இதுதான்: முன்னால் என் பக்கத்தில் அடைக்கலம் அண்ணன், பின்னால் அக்காவும் சரண்யாவும். "ஏசியக் குறைக்கச் சொல்லு தம்பி, புள்ளைக்குக் குளுருது" என்று பின்னாலிருந்து வரும். "டீ குடிக்கணுமான்னு கேளு" என்று முன்னாலிருந்து போகும். சரண்யா மட்டும் இரண்டு பக்கமும் பேசுவாள். "நிலவழகண்ணே, நீங்க பேசாம டவர் வச்சுருங்க, சிக்னலு நல்லாக் கெடைக்கும்" என்பாள். வீங்கிய முகத்தில் அவள் சிரிப்பதைக் கண்ணாடியில் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும்.

பெரிய ஊரின் ஆஸ்பத்திரியில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் இருந்தார். பெயர் அருள்தாஸ். டை கட்டியிருந்தார். அவருடைய மேஜைக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு பட்டியல் தொங்கியது. சாமி படம் மாட்டுகிற உயரத்தில் மாட்டியிருந்தார்கள்.

"நெருங்கிய உறவினர் யாருன்னு சட்டம் தெளிவா சொல்லியிருக்கு சார்" என்றார். "கணவன், மனைவி, மகன், மகள், அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி. நீங்க இதுல யாரு?"

"தாய்மாமங்க" என்றார் அடைக்கலம் அண்ணன். எங்கள் ஊரில் இந்தச் சொல்லைச் சொன்னால் எதிரில் இருப்பவர் எழுந்து நாற்காலி போடுவார். அருள்தாஸ் பட்டியலைத் திரும்பிப் பார்த்தார். மரியாதைக்காக இரண்டு தடவை பார்த்தார்.

"நீங்க இல்ல சார்."

"நல்லாப் பாருங்க. காது குத்துறப்ப மடியில வச்சவன் நானு."

"காது குத்துற சட்டத்துல இருப்பீங்க சார். இது கிட்னிச் சட்டம். தாத்தா இருக்காரா? அவர்னா இப்பவே முடிச்சிரலாம்."

"எங்கப்பா செத்துப் பதினஞ்சு வருசமாச்சுங்க."

"சரி, பேரன் பேத்தி?"

"புள்ளைக்கு இருபத்து மூணு வயசுங்க."

"அப்ப பேரன் இல்ல" என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பிறகு எங்களைத் தேற்றுவது போலச் சொன்னார். "கவலைப்படாதீங்க. உறவினர் அல்லாத கொடையாளர்னு ஒரு வழி இருக்கு. ரோட்டுல போறவங்ககூட வரலாம். அன்பும் பற்றும் காரணமாத்தான் கொடுக்குறீங்க, பணத்துக்காக இல்லன்னு அங்கீகாரக் குழுவை நம்ப வைக்கணும், அவ்வளவுதான். அதுக்கு நீங்க என்ன உறவுன்னு தாலுகா ஆபீஸ்ல ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வந்துருங்க."

"உறவே இல்லாதவருங்கறீங்க. அப்புறம் என்ன உறவுன்னு சான்றிதழா?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"உறவினர் அல்லாதவர் எந்த வகையில உறவினர்னு தெரியணும்ல சார்" என்றார். அவர் முகத்தில் கேலி இல்லை.

தாலுகா ஆபீஸ் துணை தாசில்தார் நல்ல மனிதர். எங்களை உட்காரச் சொல்லி, விளக்கிச் சொன்னார். நல்ல மனிதர்கள் விளக்க ஆரம்பித்தால் அன்றைய பொழுது போய்விடும்.

"குடும்பம்னா என்ன? ரேஷன் கார்டுன்னா ஒரே அடுப்புல சாப்பிடுறவங்க குடும்பம். நீங்க தனி அடுப்பு. வாரிசுச் சான்றிதழ்னா செத்தவரோட மனைவி, புள்ளைங்க. அதுலயும் நீங்க வர மாட்டீங்க. அதோட, யாராவது செத்தாத்தான் நாங்க குடும்பத்தையே பார்ப்போம். ஒங்க கேஸ்ல இன்னும் யாரும் சாகல. நீங்க கொஞ்சம் முன்னாடியே வந்துட்டீங்க."

அடைக்கலம் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: "அப்ப ஒறவு இல்லன்னாவது எழுதிக் குடுங்க சார். அதை வச்சாவது பாக்குறேன்."

"அது எப்படிங்க? நீங்க உறவுதானே! பொய்ச் சான்று கொடுத்தா என் வேலை போயிரும்."

அதே வாரம் இன்னொரு கூத்து நடந்தது. ஊராட்சிக் குடிதண்ணீர் மோட்டார் எரிந்துபோய் அடைக்கலம் அண்ணன்தான் தூக்கிச் சரி செய்திருந்தார். அந்தக் கூலியை ஒன்றிய அலுவலகம் நிறுத்திவிட்டது. 'வேலை செய்தவர் வார்டு உறுப்பினரின் உறவினர் என்பதால் தொகை வழங்க இயலாது' என்று முத்திரையோடு கடிதம் வந்தது. கூலி போனதற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வந்தார்.

"நிலவழகா, கவுருமெண்டே சொல்லிருச்சுடா, நான் ஒறவுன்னு! எடு வண்டிய!"

தாலுகா ஆபீஸில் துணை தாசில்தார் கடிதத்தைப் படித்துவிட்டு, "இது வேற துறை, வேற விதி. அவங்க விதியில நீங்க உறவினர். எங்க விதியில நாங்க கருத்துச் சொல்ல முடியாது" என்றார். அந்த வாக்கியத்தையே ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்தார். அதுதான் எங்களுக்குக் கிடைத்த சான்றிதழ்.

இரண்டையும் கொண்டுபோய் அருள்தாஸ் மேஜையில் வைத்தோம். அன்று அழகி அண்ணியும் வந்திருந்தார், கொடையாளரின் மனைவி சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால். அருள்தாஸ் ஒன்றியக் கடிதத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல உறவினர்னு இருக்கு. 'நெருங்கிய'ன்னு இல்லையே."

அடைக்கலம் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னய நெருங்குன ஒறவுன்னு சொல்ற சட்டம் இந்த நாட்டுல ஒன்னுகூடவா சார் இல்ல?"

அருள்தாஸ் யோசித்தார். அவருக்குச் சட்டம் பிடிக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

"ஏன் இல்ல? வருமான வரிச் சட்டத்துல நீங்க உறவினர். ஒங்க அக்கா மகளுக்கு நிலம், நகை, வீடு எது வேணா அன்பளிப்பாக் கொடுக்கலாம். அந்தப் பொண்ணுக்கு வரி கிடையாது."

"கிட்னி?"

"கிட்னி சொத்து இல்லையே சார். அப்புறம், திருமணச் சட்டம் இருக்கு. இப்ப பாருங்க, பட்டியல்ல மொதல் பேரே கணவன்தான். பேச்சுக்குச் சொல்றேன், ஒங்களுக்குக் கல்யாணம் ஆகலன்னு வச்சுக்குவோம். நீங்க இந்தப் பொண்ணைக் கட்டியிருந்தா ஒரே நாள்ல நெருங்கிய உறவினர் ஆகியிருப்பீங்க. குழுவே தேவையில்ல."

சரண்யா தலையைக் குனிந்துகொண்டாள். திலகவதி அக்கா சுவரைப் பார்த்தார். அழகி அண்ணி மட்டும் நேராகக் கேட்டார்: "எங்க பக்கத்துல அக்கா மகளக் கட்டுற முறை இருக்கத்தான் செய்யுது. இவருக்கு நான் வாய்ச்சேன். அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்றீங்க?"

"அதான் இல்லம்மா" என்றார் அருள்தாஸ், விரலை உயர்த்தி. "கட்டவும் முடியாது. வழக்கம் இருக்குன்னு நிரூபிச்சா ஒழிய, தாய்மாமனும் அக்கா மகளும் கல்யாணம் பண்ணக் கூடாதுன்னு திருமணச் சட்டம் சொல்லுது. ஏன்னு கேளுங்க. ரொம்ப நெருங்கின உறவாம்!"

சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார், ஒரு அருமையான விஷயத்தைக் காட்டியவர் போல. கட்டிக்கொள்ளக் கூடாத அளவுக்கு நெருக்கம், கிட்னி கொடுக்கப் போதாத தூரம். அந்த இரண்டுக்கும் நடுவில் அடைக்கலம் அண்ணன் மோட்டார்க் கிரீஸ் ஏறிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் படும் பாட்டைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை, சட்டத்தில் ஆத்திரத்துக்கு என்ன பொருளோ.

குழு கூடும் நாள் வந்தது. அதற்கு முந்தின வாரம் அருள்தாஸ் எங்களை வரவழைத்து ஒத்திகை பார்த்தார். "பாசம் வெளியில தெரியணும். வீடியோவுல பதிவாகும். வீடியோவுல தெரியாத பாசம் செல்லாது. கொஞ்சம் கண் கலங்கினா நல்லது. பழைய போட்டோ இருந்தா எடுத்துட்டு வாங்க" என்றார். குழு நாளன்று போகிற வழியெல்லாம் சரண்யா, "மாமா, எங்க, ஒருக்கா அழுங்க பாப்போம்" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். புதுக்கோட்டையைத் தாண்டியதும் அவளுக்கு மூச்சு வாங்கியது. பேச்சை நிறுத்திவிட்டு அம்மா மடியில் படுத்துக்கொண்டாள்.

குழு உட்கார்ந்திருந்த அறையில் நீளமான மேஜை, தண்ணீர் பாட்டில்கள், மூலையில் ஒரு கேமரா. தலைவர் நரைத்த தலை. பக்கத்தில் சமூக சேவகி என்று ஒரு அம்மா. இன்னும் இரண்டு பேர், அவர்கள் கடைசிவரை பேசவேயில்லை. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்ததும் தலைவர் தொண்டையைச் செருமினார்.

அடைக்கலம் அண்ணன் போட்டோவைக் கொடுத்தார். கைக்குழந்தை சரண்யா மாமன் மடியில் வாயைப் பிளந்து அழுகிறாள், ஆசாரி காதில் ஊசியை வைத்திருக்கிறார். தலைவர் போட்டோவைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

"இந்தத் தங்கத் தோடு யார் வாங்கினது?"

"நாந்தாங்க. தாய்மாமன் சீரு."

"அப்ப ரெண்டு குடும்பத்துக்கும் இடையில ஏற்கெனவே தங்கம் கைமாறியிருக்கு." பக்கத்தில் இருந்த அம்மா அதை எழுதிக்கொண்டார்.

"சீருங்க அது" என்றார் அண்ணன் மறுபடியும்.

"புரியுது. எதுக்குப் பதிலா?"

எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்த யாரிடமும் இதற்குப் பதில் கிடையாது. தலைவர் அடுத்த கேள்விக்குப் போனார்.

"அக்காவோட சுமுகமா இருக்கீங்களா? கடைசியா எப்பப் பேசினீங்க?"

அருள்தாஸ் சுவரோரம் நின்றபடி வாயை அசைத்துக் காட்டினார். நேத்து, நேத்து என்று சொல்லச் சொல்கிறார். ஒரு பொய் போதும். வேறு எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சொல்லியிருப்பார். ஆனால் எங்கள் ஊரில், பேச்சில்லாத வீட்டோடு பேசினேன் என்று சொல்வது, முதலில் இறங்கி வந்தது நான்தான் என்று ஒப்புக்கொள்வதாகும். கிட்னியைக் கொடுக்க வந்தவர் விட்டுக்கொடுக்க மட்டும் தயாராக இல்லை.

"பேசுறதில்லைங்க. ரெண்டு வருசமாச்சு" என்றார்.

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். "பேசாதவங்களுக்கு எதுக்குக் கிட்னி?"

"பேச்சு வேற, முறை வேறங்க. அக்காவுக்கும் எனக்கும் பேச்சு இல்ல. அதுக்காகப் புள்ளைக்கு மாமன் இல்லன்னு ஆயிருமா? முறைய எப்படிங்க நிறுத்துறது?"

"முறைன்னா? எந்தச் சட்டத்துல இருக்கு?"

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள்.

"நீங்க இவங்களுக்கு உறவா?"

"இல்லைங்க. காரு ஓட்டுறேன்."

"அப்ப நம்பலாம். இவங்க ரெண்டு பேரும் எப்படித் தகவல் சொல்லிக்கிறாங்க?"

"எங்கிட்டச் சொல்வாங்க. நான் சொல்வேன். சில நேரம் நான் சொல்லவும் வேண்டாம், அவங்களுக்கே கேட்டுரும்."

"அப்படின்னா அன்பும் பற்றும் ஒங்களுக்கும் அவங்களுக்கும் இடையிலதான் இருக்கு" என்றார் தலைவர். எழுதச் சொன்னார். எழுதினார்கள்.

பிறகு தலைவர் எங்களுக்கு ஒரு சிறிய உரை ஆற்றினார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

"தப்பா நினைக்காதீங்க. நாங்க இந்த மேஜையில உட்கார்ந்து அன்பைப் பார்த்துப் பார்த்துப் பழகினவங்க. காசுக்காகக் கிட்னி கொடுக்க வர்றவங்க எவ்வளவு பாசமா வர்றாங்க தெரியுமா? கட்டிப் பிடிக்கிறாங்க, நெத்தியில முத்தம் கொடுக்குறாங்க, ஒரே தட்டுல சாப்பிட்ட கதை சொல்றாங்க. எங்களுக்கே அழுகை வந்து அனுமதி கொடுத்திருக்கோம். அப்புறந்தான் தெரியும், முந்தின நாள்தான் அறிமுகமானவங்கன்னு. இருந்தாலும் பதிவுல அன்பு சுத்தமா இருந்துச்சு, ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒங்களைப் பார்த்தா எங்களுக்கு ஒண்ணுமே தோணலையே."

அப்போதுதான் திலகவதி அக்கா எழுந்தார். "பேசணும், அவ்வளவுதானே சார்? பேசுறேன்" என்றார். தம்பி பக்கம் திரும்பினார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

"ஏன்டா, வாட்ஸ்அப்புல அனுப்புனது அம்புட்டுப் பெரிய குத்தமாடா? ஒன்ன இடுப்புல தூக்கிட்டே பள்ளிக்கூடம் போனவடா நான்!"

"இடுப்புல தூக்குனவளுக்கு நாலு எட்டு நடந்து வந்து ஒரு தட்ட நீட்ட முடியலையா? ஊருல ஓட்டுக் கேக்க ஒவ்வொரு வாசலா ஏறுனியே, என் வாசல்ல மட்டும் முள்ளா கெடந்துச்சு?"

"ஓட்டுக் கேக்கக்கூட ஒன் வாசலுக்கு வரலடா! ஒன் ஓட்டு எனக்குத்தான்னு நெனச்சேன்! தம்பிகிட்டப் போயிக் கும்புட்டுக் கேப்பாகளா?"

"அப்புடித்தானே பத்திரிகையையும் நெனச்ச? தம்பிதானேன்னு!"

"ஆமாடா, தம்பிதானேன்னுதான் நெனச்சேன்!"

குரல் வெளி வராந்தாவரை கேட்டிருக்கும். "அம்மா, மாமா, வீடியோ ஓடுது" என்றாள் சரண்யா. "ஓடட்டும்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சமூக சேவகி அம்மா தண்ணீர் பாட்டிலைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார். அடைக்கலம் அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்து, சரண்யாவின் வீங்கிய காலைப் பார்த்துவிட்டு, உடைந்துபோனார்.

"இவளுக்கு ஒன்னு ஆயிப்போச்சுன்னா நான் யாரு வீட்டோடக்கா பேசாம இருப்பேன்?" என்றார்.

நான் வெட்கப்படாமல் அழுதேன். அருள்தாஸ்கூடக் கண்ணாடியைக் கழற்றினார். பேசாத உறுப்பினர் இரண்டு பேரும் மேஜையைப் பார்த்தார்கள். தலைவர் கேமராவின் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு, "பகைமை பதிவாகியிருக்கு. நீங்க போகலாம்" என்றார்.

திரும்பி வரும்போது எனக்கு வேலை இல்லை. அக்காவும் தம்பியும் கீரனூர் வரைக்கும் நேருக்கு நேர் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். அதற்கப்புறம் இரண்டு பேரும் ஒரு கடையில் இறங்கி, சரண்யாவுக்கு ஒத்துக்கொள்கிற பிஸ்கட் எது என்பதில் புதிதாக ஒரு சண்டையை ஆரம்பித்தார்கள். சரண்யா கண்ணை மூடியபடியே சிரித்தாள். இனிமேல் நல்லது நடக்கும் என்று நான் நம்பினேன். சட்டம் தெரியாதவன் அப்படித்தான் நம்புவான்.

ஆணை தபாலில் வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். 'கொடையாளர் நெருங்கிய உறவினர் அல்லர். உறவினர் அல்லாதவர் என்று கொண்டாலும், உறவினர் என்று வேறு துறை எழுதிய கடிதம் இருப்பதால் முழுமையாக அவ்வாறு கொள்ள இயலவில்லை. அன்பும் பற்றும் நிறுவப்படவில்லை. பெறுபவரின் தாயாரோடு கொடையாளருக்கு உள்ள பகைமை காணொலியில் தெளிவாகத் தெரிகிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. முப்பது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.'

அருள்தாஸுக்குப் போன் போட்டோம். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "மேல்முறையீட்டுக்கு ஏதாவது ஒரு கடிதம் வேணும் சார். ஒரு ஆஸ்பத்திரியோ ஆபீஸோ, யாராவது ஒருத்தர், ஒங்களை 'நெருங்கிய உறவினர்'னு ஏத்துக்கிட்ட ஒரு காகிதம். அந்த ரெண்டு சொல்லும் சேர்ந்து இருக்கணும். அப்படி ஒண்ணு கிடைச்சா நான் பேசிப் பார்க்கிறேன்."

திலகவதி அக்கா அந்த இரண்டு சொல்லைத் தேடி அலைய ஆரம்பித்தார். ஊராட்சியில் கேட்டார், பள்ளிக்கூடத்தில் கேட்டார். அன்னவாசலில் யாரோ கட்சிக்காரருக்குச் சட்டம் தெரிந்த மருமகன் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஒருநாள் காலையிலேயே அங்கே கிளம்பிவிட்டார். அன்று சரண்யாவைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போனது அடைக்கலம் அண்ணனும் நானும்தான்.

மெஷினில் படுத்த கொஞ்ச நேரத்தில் அவளுக்கு மூச்சுத் திணறியது. கண் மேலே செருகியது. நர்ஸுகள் ஓடினார்கள். தள்ளுவண்டியில் போட்டு ஐ.சி.யூ.வுக்குள் கொண்டுபோனார்கள். ஒரு நர்ஸ் கையில் அட்டையோடு வெளியே வந்தார்.

"சரண்யாவோட ஆளு யாரு? சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க. டியூப் போடணும்."

அடைக்கலம் அண்ணன் முன்னால் போனார், பிறகு நின்றார். "நான் போடலாமாம்மா? நான் அவ அம்மாவோட தம்பி."

"தாய்மாமன்தானே? ஒங்கள விட நெருக்கமா வேற யாரு வரணும்? போடுங்கய்யா, நேரமில்ல."

போட்டார். எதற்கென்று படிக்கவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். நோயாளிக்கு என்ன நேர்ந்தாலும் மருத்துவமனை பொறுப்பல்ல என்று மேலே இருந்தது. கீழே, அவர் கையெழுத்துக்கு அடியில், அச்சடித்த எழுத்தில் இருந்தது: 'நெருங்கிய உறவினர்.'

என் கண் போன இடத்துக்கு அவர் கண்ணும் வந்தது. அந்த மனிதரின் முகத்தில் வந்த மாற்றத்தை நான் எப்படிச் சொல்லுவேன்? உள்ளே பிள்ளை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறாள், இவர் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. திரும்பிய நர்ஸின் பின்னாலேயே ஓடினார்.

"அம்மா, அம்மா, இதுல ஒரு ஜெராக்ஸ் கெடைக்குமா?"

நர்ஸ் நின்று அவரைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "புள்ள உள்ள அந்த நெலமையில கெடக்கு. ஜெராக்ஸ் கேக்குறீங்களே, நீங்கல்லாம் மனுசனா?"

"அவளுக்காகத்தாம்மா கேக்குறேன்" என்றார். கும்பிட்டார்.

நான் போன் போட்டு அரைமணி நேரம் ஆனது. அன்னவாசலிலிருந்து திலகவதி அக்கா ஓடி வந்து சேர்ந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவரும் வரவேற்பு மேஜைக்குப் போய் அந்தக் காகிதத்தின் நகல் கேட்டார். அங்கே இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டவர் வர வேண்டும் என்றார். அண்ணன் போய் நின்றார்.

"நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?"

"நெருங்கிய உறவினருங்க. அதுலயே போட்டிருக்கு."

"அது சிகிச்சைக்குச் சார். ரெக்கார்டு நகல் கேட்டா அப்பா, அம்மா, இல்ல கணவர்தான் கேக்கணும். அம்மா கேட்டா அவங்க கையெழுத்துப் போட்ட காகிதம் மட்டும் கொடுப்போம். இதுல அவங்க கையெழுத்து இல்ல. ஒங்க கையெழுத்துதான் இருக்கு, ஆனா நீங்க கேக்க முடியாது."

அடைக்கலம் அண்ணன் வாதாடவில்லை. வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

வெகு நேரம் கழித்து ஐ.சி.யூ. கதவு திறந்தது. அதே நர்ஸ்தான்.

"சரண்யாவுக்கு நெனவு திரும்பிருச்சு, டியூப் போட வேண்டி வரல. இப்பதைக்குப் பயமில்ல. மாமான்னு முனகுது. நெருங்கினவங்க ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க."

"போடா" என்றார் அக்கா.

அடைக்கலம் அண்ணன் பாதி எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அக்காவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு நர்ஸிடம், பயந்த குரலில், உண்மையிலேயே தெரியாமல் கேட்டார்:

"இதுக்கு நான் நெருங்கினவனாம்மா?"